ஊசி கடைசி மேஜையில்

ஜூன் 4

அன்புள்ள குட்டிக்கு,

போனை எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாய் போலிருக்கிறது. அதனால் கடிதம். இது கதவிடுக்கில் வந்து விழுந்துவிடும், எடுக்காமல் இருக்க முடியாது.

உன் பிள்ளைக்கு ஒன்பது மாதம் முடிந்து பத்தாவது ஓடுகிறது. தட்டம்மை ஊசி இன்னும் போடவில்லை. நான் நடத்தும் குழந்தைகள் முகாமுக்கு ஊரே வருகிறது, கூடப்பிறந்தவள் வரவில்லை. முன்பெல்லாம் ஊசிக்கு ஒரு நாள், எடைக்கு ஒரு நாள், காது பார்க்க வேறொரு நாள் என்று தாய்மார்களை அலையவிட்டோம். இப்போது எல்லாம் ஒரே கூடத்தில், ஒரே காலையில். முதல் மேஜையில் எடை, பிறகு உயரம், காது, கண், சத்துச் சொட்டு, கடைசி மேஜையில் ஊசி. ஊசியைக் கடைசியில் வைத்தது என் யோசனை. முதலில் வைத்தால், போட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். மேலிடத்தில் பாராட்டினார்கள். உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் வேறு யாரிடம் சொல்வேன்.

மாப்பிள்ளை செல்போனில் கண்டதையும் படித்துவிட்டு ஊசி வேண்டாம் என்கிறாரா? நேராகச் சொல். உங்கள் பக்கத்துத் தெருவில் இரண்டு பிள்ளைகளுக்குத் தட்டம்மை வந்திருக்கிறது. படித்தவள் நீ. இதற்கு மேல் எழுதினால் நன்றாக இருக்காது.

உன் அக்கா


ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

அவர் மேல் பழி போடாதே. "எப்பப் போறே, எப்பப் போறே"ன்னு தினமும் என் உயிரை எடுப்பவர் அவர்தான். அவரிடம் ஜலதோஷம் என்கிறேன், அச்சகத்தில் வேலை நெருக்கடி என்கிறேன். வாய்க்கு வந்த பொய்.

எனக்கு ஊசியில் பயமில்லை. உன் முதல் மேஜைதான் பயம்.

போன தடவை வந்தபோது எடை பார்ப்பவர் கூடத்தின் ஒரு மூலையில், எழுதுகிறவர் இன்னொரு மூலையில். அதனால் அவர் கத்தித்தான் சொல்வார். "ஆறு கிலோ நூறு, மஞ்சள்!" எடை குறைந்த பிள்ளைக்கு நீங்கள் வைத்திருக்கும் நிறம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நீ ஊசி மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். உதவிக்காவது வருவாய் என்று நினைத்தேன். "டாக்டர் தங்கச்சி வீட்லயே பிள்ளைக்குச் சோறு போடறதில்ல போல" என்றாய். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன் அக்கா. அதை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது.

வேலைக்குத் திரும்பியதும் எனக்குப் பால் வற்றிவிட்டது. எதைக் கொடுத்தாலும் பாதியைத் துப்புகிறான். அன்று உன்னிடம் தனியாகக் கேட்கலாம் என்றுதான் வந்தேன். அப்புறம் எப்படிக் கேட்பது?

அன்று வரிசையில் நின்ற இரண்டு பேர் எங்கள் மாடியில் இருக்கிறார்கள். படிக்கட்டில் பார்த்தால் "மஞ்சள் என்ன பண்றான்?" என்கிறார்கள். பாசமாகத்தான் கேட்கிறார்கள். அதுதான் தாங்கவில்லை.

இரண்டு முறை உன் கூடத்து வாசல் வரை வந்தேன். உள்ளே கத்துகிற சத்தம் கேட்டது. திரும்பிவிட்டேன்.

குட்டி


ஜூன் 15

அன்புள்ள குட்டிக்கு,

நான் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. சொல்லியிருக்க மாட்டேன் என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். பிறகு யோசித்தால், அச்சு அசல் என் பேச்சு.

நேற்று முகாமில் என் இடத்தில் நிற்காமல், தாய்மார்களோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் ஒருத்தி, இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. முறை வந்ததும் பிள்ளையின் சட்டையைக் கழற்றத் தயங்கினாள். எடை பார்ப்பவர் தானே கழற்றினார். சட்டைப் பையிலிருந்து ஒரு சாவிக்கொத்து விழுந்தது. கொஞ்சம் கூடுதலாகக் காட்டட்டும் என்று போட்டு வைத்திருக்கிறாள். அவர் அதைத் தூக்கிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். போன வாரமாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அந்தப் பெண் சாவியை வாங்கிக்கொண்ட விதத்தை என்னால் எழுத முடியவில்லை.

ஊசியைத் தூண்டிலில் இரை மாதிரி மாட்டி வைத்திருந்தேன். அது வேண்டுமென்றால் முதலில் இங்கே வந்து அவமானப்படு என்று. இத்தனை வருடம் படித்தும் இது என் புத்திக்கு எட்டவில்லை.

அடுத்த முகாமிலிருந்து ஊசி முதல் மேஜை. தராசு உள்ளறைக்குப் போகிறது, எழுதுகிறவரும் அங்கேயே உட்காருவார். கத்த வேண்டியதில்லை. நீ வா. ஊசி மட்டும் போட்டுக்கொண்டு போ. நான் கண்ணில்கூடப் பட மாட்டேன்.

உன் அக்கா


ஜூன் 29

குட்டி,

பதில் இல்லை. எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

இந்த முகாமில் ஊசி போட்டதும் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். நான் பயந்தபடியேதான் நடந்தது. ஏன் மாற்றினீர்கள் என்று மேலிடத்தில் கேட்டார்கள். ஆனால் சாவிக்காரப் பெண் தானாக உள்ளறைக்குப் போனாள். வெகுநேரம் பேசிவிட்டு வந்தாள்.

எங்கேயாவது ஊசியைப் போட்டுவிடு. என்னிடம்தான் என்று இல்லை.

அக்கா


ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

ஊசி போட்டாயிற்று. ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஆஸ்பத்திரி. அங்கே ஊசி மட்டும்தான். பெயர் கேட்டார்கள், குத்தினார்கள், கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னார்கள். யாரும் அவனைத் தராசில் வைக்கவில்லை. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அப்படி ஒரு நிம்மதி.

வீட்டில் அவனுக்குச் சட்டை மாற்றினேன். விலா எலும்பு தெரிந்தது. அப்போதுதான் உறைத்தது. நான் உன் தராசை விட்டு ஓடியது எனக்காக. அவனுக்காக இல்லை. நீ பண்ணியது ஒரு பக்கம் இருக்கட்டும், இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது? ராத்திரி அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

உன் மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுதக் கை வரவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வா. தராசை எடுத்துக்கொண்டு வா. எவ்வளவு என்று வாயால் சொல்லாதே, எண்ணை நானே பார்த்துக்கொள்கிறேன். அப்புறம் என்ன கொடுக்கணும், எப்படிக் கொடுக்கணும் என்று மெதுவாகச் சொல். கேட்டுக்கொள்கிறேன்.

சாவிக்கொத்து அவன் சட்டையில் இருக்காது, கதவிலேயே தொங்கும்.

குட்டி