மூன்று மாதத்துக்குக் கொடுத்த சம்மதம்

பயாவ், தாய்லாந்து,
நவம்பர் 21

என் மகள் மாலிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகன் யெஸ்பரும் குழந்தையும் அந்த டென்மார்க் குளிரில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில் புத்தர் முன்னால் பூ வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன். இங்கே நான் இப்போது சுகம். இப்போது என்று எழுதியதைப் பார்த்துப் பதறாதே, அதைப் பிறகு சொல்கிறேன். நாம் பேசி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. நீ கூப்பிட்டாய் நான் எடுக்கவில்லை, நான் கூப்பிட்டபோது நீ எடுக்கவில்லை, அப்புறம் இரண்டு பேருமே விட்டுவிட்டோம். போனில் என்றால் பாதியில் நீ அழுவாய், நான் கத்துவேன், அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடைசி வரை படி, நடுவில் நிறுத்திவிட்டுச் செய்தி அனுப்பாதே.

கடைசியாகப் பேசியபோது நீ சொன்னது இன்னும் எனக்குள்ளே கிடக்கிறது. "அம்மா, நீங்க அப்பாவ ஒரு சாமான் மாதிரி பிடிச்சு வச்சிருக்கீங்க. விட்டுடுங்க. விட்டாத்தான் உங்களுக்கும் நிம்மதி." அங்கே வாரம் ஒருநாள் தியான வகுப்புக்குப் போகிறாய், அந்த ஊர்க்காரர்கள் உனக்கு நம் மதத்தைச் சொல்லித் தருகிறார்கள், நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீ அதைச் சொன்ன அன்று லோங்கன் பழம் மரத்தில் வெடித்துக்கொண்டிருந்தது, ஏணியைப் பிடிக்க ஆள் இல்லாமல் நான் ஏணியைக் கிளையோடு சேர்த்துக் கட்டிவிட்டு ஏறியிருந்தேன். மரத்தின் மேலிருந்துதான் உன்னோடு பேசினேன். விடு என்றாய். கையை விட்டால் விழுந்திருப்பேன்.

உன் அத்தை சந்தி உனக்கு வேறு மாதிரி சொல்லியிருப்பாள், அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன். ஜனவரியில் உன் பிரசவம் சிக்கலாகி, இரண்டு நாளாக உனக்கு நினைவு திரும்பவில்லை என்று மருமகன் சொன்ன அன்று அப்பா விகாரைக்குப் போய் விழுந்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தால் ஒரு மழைக்காலம் முழுக்கத் துவராடை உடுத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டார். நீ பிழைத்தாய். ஜூலையில் அவர் விகாரைக்குப் போனார். பெண்டாட்டி இருக்கிற ஆள் பிக்கு ஆவதென்றால் பெண்டாட்டி சம்மதம் சொல்ல வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம், நான் எல்லோர் முன்னாலும் மண்டியிட்டு மூன்று மாதத்துக்குச் சம்மதம் என்றேன். மூன்று மாதம் என்பதை அழுத்தித்தான் சொன்னேன், உன் அத்தை அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் விடிகிற நேரத்தில் பாத்திரத்தோடு நம் தெருவில் வெறுங்காலோடு வந்தார். நான் வாசலில் மண்டியிட்டுச் சோறு இட்டேன். முப்பத்தொரு வருஷம் ஏய் புவாலா என்று கூப்பிட்ட மனுஷன் என்னை உபாசிகை என்றார். அதுதான் முறை, எனக்குத் தெரியும், ஊரில் எல்லாப் பெண்களையும் அப்படித்தான் கூப்பிட வேண்டும். ஆனாலும் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். மூன்று மாதம்தானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஆகஸ்ட் கடைசியில் சந்தி வந்தாள். அவள் விகாரைச் சமையல்கட்டிலேயே கிடப்பவள், உனக்குத் தெரியும். "அண்ணி, அண்ணனுக்கு அங்கேயே இருந்துடணும்னு இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், உங்களுக்கு எவ்வளவு புண்ணியம்" என்றாள். அவர் சொன்னாரா என்று கேட்டேன். வாயால் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறதே, எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். என்னோடு முப்பத்தொரு வருஷம் இருந்ததில் வராத தெளிவு ஆறு வாரத்தில் வந்துவிட்டதா, அப்படியானால் நான் யார், அவருக்கு வந்த நோயா? இந்தக் கோபத்தோடுதான் உன்னைக் கூப்பிட்டேன், நீ என் பக்கம் பேசுவாய் என்று. நீ அத்தை பக்கம் பேசினாய். அது மட்டுமா, அப்பாவை நினைத்தால் பெருமையாக இருக்கிறது என்று நீ அவள் போனுக்கு அனுப்பிய பேச்சை அவள் சமையல்கட்டில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினாள். ஊரே என்னைப் பார்த்துக் கும்பிட ஆரம்பித்தது. சந்தையில் மீன் விற்கிறவள்கூட, கொடுத்து வைத்தவள் என்றாள்.

அதற்கப்புறம் நான் செய்ததை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். தினமும் அவருக்குப் பிடித்ததாகச் சமைத்தேன். பன்றிக்கறியைக் கொத்தி, பித்தநீர் விட்டு வறுக்கிற லாப், அதுவும் அவருக்குப் பிடிக்கிற அளவு கசப்போடு. மூங்கில் குருத்துக் குழம்பு. பூண்டு போட்டுப் பொரித்த சின்ன மீன். பாத்திரத்தில் இடும்போது அவர் மூக்கைப் பார்ப்பேன். பக்திக்காக இட்டதில்லை அது, தூண்டிலில் புழு மாட்டுவது போல மாட்டினேன். பத்து நாள் கழித்து சந்தி வந்து, "உங்க பொட்டலத்த அண்ணன் தொடறதே இல்ல, பக்கத்துல இருக்கறவருக்குக் கொடுத்துடறாரு. அவரு மனசக் கெடுக்காதீங்க அண்ணி" என்றாள். தொடாதவருக்கு மனசு எப்படிக் கெடும் என்று கேட்டு அனுப்பிவிட்டேன். மறுநாள் மிளகாயைக் கூட்டிப் போட்டேன். தொடவில்லை என்றால், தொட்டால் என்ன ஆகும் என்று அவருக்குப் பயம் என்றுதானே அர்த்தம்? அந்தப் பயத்தில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது மாலி. அதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

செப்டம்பரில் ஒருநாள் நேராகத் தலைமை பிக்குவிடமே போனேன். என்னைவிடப் பதினாறு வயது சின்னவர், டீசல் மோட்டார் பழுது பார்க்கிறவரின் பிள்ளை, சின்ன வயதில் நம் தோப்பில் பழம் திருடியவர். ஆசை கூடாது என்கிறீர்கள், இங்கேயே இருக்க வேண்டும் என்று அப்பா நினைப்பது மட்டும் ஆசை இல்லையா என்று கேட்டேன். அவர் எனக்கு உபதேசம் ஏதும் செய்யவில்லை. "நானும் அதத்தான் அவர்ட்டக் கேட்டேன். இன்னும் பதில் வரல" என்றார். நீங்கள் சம்மதம் சொல்லாமல் அவரை நான் வைத்துக்கொள்ள மாட்டேன், அதற்காகப் போ என்றும் சொல்ல மாட்டேன் என்றார். நான் கொண்டுபோன கோபம் எல்லாம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. யாரோடு சண்டை போடுவது என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

அக்டோபர் முதல் வாரத்தில் எனக்கு டெங்கு வந்தது. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று எல்லோரிடமும் நான்தான் சொன்னேன், அத்தை மேல் கோபப்படாதே. மூன்று நாள் காலையில் சோறு இட நான் வாசலில் இல்லை. பாத்திரத்தோடு வருகிற பிக்கு நின்று பார்க்கக் கூடாது, கதவைத் தட்டக் கூடாது, நடந்து போய்க்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாம் நாள் பத்து மணி இருக்கும், இன்னொரு பிக்குவைக் கூட்டிக்கொண்டு வந்து படியில் நின்றார். நான் கூடத்தில் பாயில் கிடந்தேன். உடம்பு கொதிக்கிறதா என்று கேட்டார். "தொட்டுப் பாருங்க" என்றேன். வேண்டுமென்றுதான் சொன்னேன், அவர் தொடக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? அவர் கையைத் துவராடைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு என்னை வண்டியில் ஏற்றச் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தேன். அவரைப் படி வரை வரவைத்ததில் ஜெயித்துவிட்டேன் என்று தோன்ற வேண்டும், தோன்றவில்லை. அந்த மனுஷனை இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கிறோம், நான் ஒரு பக்கம், நீயும் அத்தையும் ஊரும் ஒரு பக்கம், அவர் இதுவரை வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அங்கே படுத்திருந்தபோதுதான் உறைத்தது.

மழைக்காலம் முடிந்து, பிக்குகளுக்குப் புதுத் துணி கொடுக்கிற நாள் வந்தது. அன்றைக்கு நான் சம்மதம் சொல்லப்போகிறேன் என்று சந்தி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள், பந்தல் போட்டு மேளக்காரர்களையும் வரச் சொல்லியிருந்தாள். நான் கூட்டம் சேர்வதற்கு முன்பே காலையில் போய்விட்டேன். மண்டபத்தில் தலைமை பிக்குவும் அப்பாவும் இருந்தார்கள், சந்தி தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மூன்று தடவை விழுந்து கும்பிட்டுவிட்டுச் சொன்னேன். "இருங்கன்னு சொல்ல எனக்கு மனசு இல்ல. வாங்கன்னு இனிமே கெஞ்சவும் போறதில்ல. உங்களுக்கு என்ன வேணும்னு உங்க வாயால சொல்லுங்க. சந்தி சொல்லி நான் கேக்க மாட்டேன்." சந்தி கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு வாயைத் திறந்தாள், தலைமை பிக்கு அவளைப் பார்த்தார், மூடிக்கொண்டாள்.

அப்பா ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கால் மரத்துப்போயிற்று. அவர் எழுந்து போய்விடுவாரோ என்று பயந்தேன், உண்மையில் உன் பிரசவத்தன்று பயந்த மாதிரி பயந்தேன். கடைசியில், "எனக்கு ரெண்டும் வேணும்" என்றார். அவ்வளவு சின்னக் குரலில். இங்கே அமைதியாக இருக்கிறது, யாரும் எதுவும் கேட்பதில்லை, அது பிடித்திருக்கிறது, அதைச் சந்தியிடம் ஒரு நாள் சொன்னேன், அது இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை என்றார். அப்புறம் மகள் பெருமையாகப் பேசியதைக் கேட்டதும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லையாம். பிறகு, "படியில நின்னுட்டு வந்த அன்னைலருந்து ஒம்பது நாள் கண்ண மூடி உக்காந்தேன். ஒம்பது நாளும் கோவம்தான் வந்துச்சு. அமைதியே வரல, புவாலா" என்றார். பெயரைச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது, தலைமை பிக்குவைப் பார்த்துக் கைகூப்பினார். அவர் கேட்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விழா விழாவாகவே நடந்தது, மேளம் அடித்தது, துணி கொடுத்தோம். மூன்றாம் நாள் அப்பா துவராடையைக் களைந்தார். நான் சட்டையும் கால்சட்டையும் கொண்டுபோனேன், கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை, கயிறு கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். வரும் வழியில் வண்டியில், எனக்காக வந்தீர்களா, அல்லது எனக்குக் காய்ச்சல் வந்த பாவத்துக்கு வந்தீர்களா என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். பொய் சொல்லியிருந்தால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் வந்திருக்கும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. புருவம் இன்னும் முளைக்கவில்லை, பிக்குகள் அதையும் மழிக்கிறார்கள் அல்லவா, அந்த முகத்தோடு சந்தைக்குப் போக வெட்கப்பட்டுக்கொண்டு நெல் அறுப்பைச் சாக்காக வைத்து வயலிலேயே இருக்கிறார். சந்தி என்னோடு பேசுவதில்லை, வாசலைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அப்பா விடியும் முன்னே எழுந்து தியானத்தில் உட்கார்ந்துவிடுகிறார், பக்கத்தில் இடம் காலியாக இருப்பது எனக்குக் கண்ணைத் திறக்காமலே தெரிகிறது. மாதத்தில் நான்கு புனித நாளும் வெள்ளை உடுத்திக்கொண்டு விகாரையிலேயே தங்கட்டுமா என்று கேட்டார், வாயால் கேட்டார், அதனால் சரி என்றேன். நேற்று முன்தினம் முதல் தடவை போனார். அன்று முழுக்க நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், இந்தத் தடவை வரமாட்டாரோ என்று. மறுநாள் வந்தார். அடுத்த தடவையும் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். பிடித்து வைத்திருக்கிறாய் என்று நீ சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். விட்டுவிட எனக்கு வராது. ஆனால் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருக்க வருகிறது, அது எதில் சேர்த்தி என்று உன் தியான வகுப்பில் கேட்டுச் சொல்.

அப்பாவுக்கு உன் மேல்தான் பயம். உனக்காக வேண்டிக்கொண்டதை ஒருநாள் குறையாமல் முடித்துவிட்டார், ஆனாலும் உன் கண்ணுக்குத் தான் தோற்றுப்போன ஆள் என்று நினைக்கிறார். அவரைக் கூப்பிட்டுப் பேசு. பெருமையாக இருக்கிறது என்று மட்டும் சொல்லாதே, அதைத் தூக்கிச் சுமக்க அவரால் முடியவில்லை. சாப்பிட்டீர்களா, அறுப்பு முடிந்ததா என்று கேள். குழந்தைக்குக் கம்பளிக் காலுறை இரண்டு பின்னியிருக்கிறேன், தனிப் பொட்டலமாக வரும். வெளியே போகும்போது காதை மூடிக்கொள், பிரசவமான உடம்பு ஒரு வருஷமாவது கவனமாக இருக்க வேண்டும், மருமகனிடம் சண்டை போடாதே.

புத்தர், தம்மம், சங்கம் என்ற மும்மணிகள் உங்கள் மூவரையும் காக்கட்டும். கடிதம் கிடைத்ததும் கூப்பிடு, இந்தத் தடவை எடுப்பேன். கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன், அப்பா ஏதோ எழுத வேண்டும் என்று பேனாவை வாங்கிக்கொண்டு உட்கார்ந்து அரை மணி நேரம் ஆகிறது.

உன் அம்மா,
புவாலா

மாலி, எனக்குப் பேரனைத் தூக்கிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. ஏப்ரலில் வாருங்கள். இதை நானே எழுதுகிறேன்.

அப்பா