எங்கள் வீட்டு ஓட்டு

அம்மிணி,

புது வாக்காளர் பட்டியலைக் கட்சிக்காரர் காலையில் கொண்டுவந்து கொடுத்தார். நம் வீட்டு எண்ணுக்கு நேராக நான்கே பெயர்கள். உன் பெயரை எடுத்துவிட்டார்கள். நீ போய்ச் சேர்ந்த பிறகு எடுக்கத்தானே வேண்டும்! ஆனாலும் பட்டியலை இன்னொரு தரம் தேடிப் பார்த்தேன்.

எத்தனை தேர்தலுக்கு நான் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்திருப்பேன்! எந்த வீடு நமக்கு, எந்த வீடு எதிராளிக்கு, எது சந்தேகம் என்று பட்டியலில் குறிப்பதில் வெண்ணந்தூர்ப் பக்கம் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர் எனக்கு. முதல் டிக் நம் வீட்டுக்குத்தான். உங்களில் யாரையும் கேட்டதில்லை. சொந்த வீட்டில் என்ன கேள்வி?

ஒரு வருடம் நம் பூத்தில் முதன்முதலாகத் தோற்றோம். நன்றி கெட்ட ஊர் என்று கத்திக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தேன். நீ ரசம் ஊற்றியபடியே சொன்னாய்: "என்னையுஞ் சேத்து வைய்யுங்க. நானும் மாத்தித்தானுங்க போட்டேன்."

"எப்பருந்து?"

"இது மூணாவது வாட்டிங்க."

அடிப்பாவி! பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். நாலு நாள் உன்னோடு பேச்சில்லை. ஊர் ஓட்டையெல்லாம் விரல்நுனியில் வைத்திருந்தவன் சொந்த அடுப்படியைக் கோட்டைவிட்டான் என்று தெரிந்தால், கட்சியில் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஐந்தாம் நாள் நானேதான் வந்து ஏன் என்று கேட்டேன்.

"தண்ணி கேட்டு நாங்க எத்தன வருசம் நின்னோம்? உங்காளுக எட்டிப் பாத்தாங்களா? உங்களுக்குக் கட்சி அப்பன் ஊட்டுச் சொத்துங்க. நாங் கட்டிக்கிட்டு வந்தது உங்களைத்தானுங்க, உங்க கட்சிய இல்லீங்க."

கோபம் வந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

இன்றைக்கு மகன் ஒரு பக்கம், மருமகள் இன்னொரு பக்கம். பேத்திக்கு இது முதல் ஓட்டு. யாருக்கென்று வாயே திறக்க மாட்டாள், உன் ரத்தம். அதற்காக வீடு இரண்டாகிவிடவில்லை. சோறு ஒரே பானையில்தான் வேகிறது. "நாலும் நம்மளுதுதானுங்களே?" என்று கட்சிக்காரர் கேட்டதற்கு, "அவங்கவங்களக் கேளு சாமி" என்று சொல்லிவிட்டேன்.

அவர் போனதும் பேத்தி பிடித்துக்கொண்டாள். "அப்ப உங்க ஓட்டு யாருக்குங்க, அப்பாரு?"

"யோசிக்கோணும் சாமி."

என் வாயில்தான் வந்தது அந்தச் சொல். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். உன்னைக் கேட்கத்தான் மனசு அடித்துக்கொண்டது. மருமகளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். "நீ எதனால அந்தப் பக்கம் போறே, அம்மிணி?" என்று கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.