கம்பெனிக்குத் தனிப் பத்திரிகை

நேற்று சாயங்காலம் அச்சகத்திலிருந்து என் கல்யாணப் பத்திரிகையின் மாதிரியை அப்பா வாங்கி வந்தார். மை சரியாகக் காயவில்லை. முகத்தருகே கொண்டுபோனால் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை. என் பெயருக்குப் பின்னால் எம்.காம். என்று போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அழுகைதான் வந்தது, போ.

"கம்பெனிக்காரங்களுக்கு மட்டும் இத்த எடுத்துட்டுத் தனியா ஒரு அம்பது அடிச்சிக்கலாமாம்மா?" என்று அப்பா கேட்டார். கேட்டதில் தப்பில்லை. கம்பெனியில் நம் லைனில் வேலை செய்யும் இரண்டு பேர் அப்படித்தான் செய்தார்கள். சொந்தக்காரர்களுக்கு டிகிரி போட்ட பத்திரிகை, கம்பெனிக்கு டிகிரி இல்லாத பத்திரிகை. கம்பெனிக் கணக்கில் நாம் எல்லோரும் பிளஸ் டூதானே. பட்டம் வாங்கியவள் ஆறு மாதத்தில் ஓடிவிடுவாள் என்று அவர்களுக்கு எண்ணம். எங்கே ஓடுவது என்று ஒருத்தராவது கேட்டிருக்கலாம்.

ஆள் எடுக்கும் பரீட்சையில்தான் உன்னை முதலில் பார்த்தேன். கூட்டல் கழித்தல், கொஞ்சம் சதவீதம். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, எந்த இரண்டைத் தப்பாக மாற்றலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பார்த்தால் நீயும் சரியான விடையை அடித்துத் தப்பானதை எழுதிக்கொண்டிருக்கிறாய். நாம் பார்த்துக்கொண்டோம். வெளியே வந்ததும், "ஏட்டி, நீ என்ன படிச்சிருக்க? உண்மையச் சொல்லு" என்றாய். நான் சொன்னேன். நீ எம்.எஸ்சி. கணிதம் என்றாய். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அந்தச் சான்றிதழைப் பெட்டியின் அடியில், புடவைக்குக் கீழே போட்டுக் கொண்டுவந்திருந்தாய்.

பிளஸ் டூ முடித்து ஐந்து வருடம் என்ன செய்தாய் என்று இன்டர்வியூவில் கேட்டார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் பார்த்துக்கொண்டேன் என்றேன். நீயும் அதையேதான் சொல்லியிருக்கிறாய். "நல்லா இருக்குத அம்மாமார ரெண்டு பேரும் படுக்கையில போட்டுட்டோம்லா" என்று பஸ் ஸ்டாப்பில் நீ சொல்ல, நான் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

லைனில் என் பக்கத்து ஸ்டூல் உனக்கு. தலையில் தொப்பி, கையில் உறை, எட்டு மணி நேரம் ஒரே மாதிரி சின்னச் சின்ன பாகங்கள். ஷிப்ட் முடிவில் சூப்பர்வைசர் போர்டில் எழுதும் சதவீதம் அடிக்கடி தப்பாக இருக்கும். உன் உதடு தானாக அசையும். நான் முழங்கையால் இடிப்பேன். "கம்முனு இருடி, பிளஸ் டூ படிச்சவ வாயத் தொறக்க மாட்டா." நீயும் அடங்கிவிடுவாய். இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. அன்றைக்கு அது எனக்குப் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மண்ணூருக்கு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவாய். பக்கத்து பூத்திலிருந்து உன் அப்பாவுக்குப் போன் போட்டு, ரிசீவரை என்னிடமும் தருவாய். "நீயும் எம்.காம்.லா படிச்சிருக்க, ரெண்டு பேரும் சேந்து நல்ல வேலையாத் தேடுங்கம்மா" என்பார் அவர். தேடினாய்தானே. லீவு நாளில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் கணக்கு சொல்லித்தரும் வேலைக்கு இன்டர்வியூ போனாய். படித்து முடித்து மூன்று வருடம் என்ன செய்தாய் என்று அங்கேயும் கேட்டார்களாம். காலேஜில் கம்பெனியைச் சொல்ல முடியாது, கம்பெனியில் காலேஜைச் சொல்ல முடியாது. திரும்பி வந்து எங்கள் வாசற்படியில் செருப்பைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாய். "என் பேருக்குப் பின்னால எம்.எஸ்சி.ங்கறது கல்யாணப் பத்திரிகையிலதாம்ட்டி வரும். அதயாவது பெரிய எழுத்துல போடச் சொல்லணும்" என்றாய்.

அடுத்த மழைக்காலத்தில் உனக்கு மஞ்சள் காமாலை. பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனாய். நீ திரும்பி வரவில்லை.

ஒரு மாதம் கழித்து உன் அப்பா கம்பெனிக்கு வந்தார். உன் சம்பளக் கணக்கை முடிக்கும் காகிதங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட்டருகே நின்று எல்லோருக்கும் உன் நினைவு அட்டையைக் கொடுத்தார். உன் படம். கீழே உன் பெயர். அதற்குப் பின்னால் எம்.எஸ்சி., நீ கேட்ட மாதிரியே பெரிய எழுத்தில்.

சூப்பர்வைசர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இன்னா, எம்.எஸ்சி.ன்னு போட்டுக்கீது? பிளஸ் டூன்னுதானே சேந்துச்சு?" என்னைப் பார்த்துத் திரும்பினார். "நீதானே எந்நேரமும் கூடவே இருப்பே. உனுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்" என்றேன்.

உன் அப்பாவுக்கு என் குரல் தெரியும். என் படிப்பும் தெரியும். என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு சூப்பர்வைசரிடம், "ஆமா சார், அவ யாருட்டயும் சொல்லிருக்க மாட்டா" என்றார். பெண்ணைப் பறிகொடுத்து வந்த மனுஷன், என் வேலையைக் காப்பாற்றிவிட்டுப் பஸ் ஏறிப் போனார். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கக் கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு வருடம் ஆகிறது. உன் அட்டை என் அடையாள அட்டைக்குப் பின்னால் இருக்கிறது. தினமும் கழுத்தில்தான் மாட்டிக்கொண்டு போகிறேன். உன் ஸ்டூலில் இப்போது வேறு ஒரு பெண். போர்டில் தப்பு எழுதினால் அவள் உதடும் அசைகிறது. நான் இடிப்பதில்லை. களைப்பாக இருக்கிறது.

"ஒரே பத்திரிகைதான்ப்பா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "வேலைய வுட்டுத் தூக்கிட்டா இன்னா பண்ணுவே?" என்றார். போனால் போகட்டும் என்று வீராப்புப் பேச நான் ஆள் இல்லை. போனால் கஷ்டம்தான். இன்னொரு கம்பெனி வாசலில் நின்று, அம்மாவை மறுபடியும் படுக்கையில் போட வேண்டியிருக்கும்.

அடுத்த வாரம் பத்திரிகைக் கட்டு வந்துவிடும். முதல் பத்திரிகையை உன் அப்பாவுக்குத் தபாலில் போடுகிறேன். இரண்டாவதை சூப்பர்வைசர் கையில் கொடுக்கப்போகிறேன். அவர் என் பெயரைப் படித்துவிட்டு நிமிர்வார். என்னைப் பற்றி அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட வேண்டும்: "சார், அவ எம்.எஸ்சி.ன்னு எனக்கு மொதல் நாள்லேர்ந்தே தெரியும்."