கடை போனில் மாமாவின் படம்

ஏப்ரல் 3, வெள்ளி

பத்து மணிக்கே வெயில் கொளுத்துகிறது. ஷட்டர் கைப்பிடியைத் துணி வைத்துத்தான் தூக்கினேன்.

வியாபாரம்: இரண்டு பேர். ஒருவர் பசை டப்பா. இன்னொருவர் ஐந்நூறுக்குச் சில்லறை கேட்டு வந்தவர், அவரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

செய்ய வேண்டியவை: ஃபேன் சத்தம், எலக்ட்ரீஷியனுக்குச் சொல்ல. கேஸ் புக் பண்ண. திவ்யா சுடிதாரைத் தையல்காரரிடமிருந்து வாங்க.

இது பள்ளிக்கூட ஷூ சீசன். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் தைத்துக் கொடுக்க வேண்டும் என்று ஆம்பூர், வாணியம்பாடி, ஓசூர் யூனிட்காரர்கள் பங்குனியிலேயே லேஸ், பக்கிள், லேஸ் ஓட்டைக்கு வைக்கிற ஐலெட் வளையம் என்று வாட்ஸ்அப்பில் வந்து விழுவார்கள். ஓசூர் முருகேசன்தான் எப்போதும் முதல் ஆர்டர், பெரிய ஆர்டரும் அவருடையதுதான். நேரில் பார்த்ததே இல்லை, எல்லாம் போனிலேயே. இந்த வருடம் அவரிடமிருந்தும் ஆர்டர் இல்லை. மாமனார் தை மாதம் இறந்ததிலிருந்து கடை போன் சும்மா கிடக்கிறது. வந்தால் இரண்டு கும்பிடும் கை எமோஜி. அதோடு சரி.

வீட்டுக்காரர் நேற்று சாப்பிடும்போது சொன்னார். "இந்த சீசன் பாப்போம் வனஜா. ஓடலன்னா மே மாசத்தோட கடைய காலி பண்ணி வாடகைக்கு வுட்ரலாம். எனக்குக் கம்பெனி வேலை இருக்கு. நீ எதுக்கு வெயில்ல கெடந்து சாவறே?"

நல்ல மனசோடுதான் சொல்கிறார். அதனால்தான் கோபம் ஜாஸ்தியாக வருகிறது. பதினோரு வருடம் நான் நின்ற கடை. விட மாட்டேன். சொல்லவில்லை, ரசம் மட்டும் ஊற்றினேன்.

ஜும்மா தொழுகை முடிந்து எதிர்க்கடை ரஃபீக் பாய் திறந்தார். அவரிடம் லைனிங் துணிதான் பிரதானம், லேஸும் ஐலெட்டும் கொஞ்சம் உண்டு. திறந்த அரை மணியில் வாசலில் நாலு வண்டி. என்னைப் பார்த்தார். நான் கால்குலேட்டரைப் பார்த்தேன்.

ஏப்ரல் 4, சனி

கரண்ட் இரண்டு மணி நேரம் இல்லை. வியாபாரம் அதுவும் இல்லை.

பாயை வாட்ஸ்அப்பில் பிளாக் பண்ணி இன்றோடு மூன்று வாரம். பேர்ணாம்பட்டு பாஷா பத்து வருடமாக நம்மிடம் லேஸ் வாங்குகிறவர். அவர் பாய் கடையிலிருந்து பண்டலோடு இறங்கியதைப் பார்த்தேன். அன்றைக்கே பிளாக். மாமாவுக்குத் தோஸ்த், எடுத்த அன்று சுடுகாடு வரை வந்து அழுத மனுஷன். ஆள் போனதும் ஆளின் கஸ்டமரை இழுத்துக்கொண்டார் என்று வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

திவ்யா வேலூர் ஹாஸ்டலிலிருந்து போன். பிளாக் விஷயம் சொன்னேன். "அம்மா, நீயும் அவரும் இன்னா எல்கேஜி பசங்களா, டூ வுட்டுக்கறதுக்கு? எதிர் கடைதான, நேரா போய் கேளேன்."

கேட்க மாட்டேன். அவர்தான் வந்து சொல்ல வேண்டும்.

இதையும் எழுதி வைக்கிறேன். கடை எண்ணில் மாமா ஒரு நாளும் டைப் பண்ணியதில்லை. "சொல்லுங்க தம்பி" என்று வாய்ஸ் மட்டும் போடுவார். ரேட் எழுதுவது, பார்சல் ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்புவது, நயமாகக் கெஞ்சுவது, எல்லாம் நான். எல்லாரும் "அய்யா வணக்கம்" என்று அனுப்புவார்கள், நானும் அய்யாவாகவே வணக்கம் போடுவேன். மேலே கடை எண்ணின் படத்தில் மாமா சிரித்துக்கொண்டிருப்பார். யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கருமாதி முடிந்ததும் நாத்தனார் சொல்லி, கண்ணீர் அஞ்சலி போஸ்டரையே கடை எண்ணுக்குப் படமாக வைத்தேன். மேப்பில் கடையைத் தேடினாலும் அதுதான் முதலில் வரும், அதையும் நானே ஏற்றினேன். மாலை, குத்துவிளக்கு, தோற்றம், மறைவு. ஷட்டரில் ஒட்டியதை வெயில் வெளுத்துவிட்டது. போனில் இருப்பது அப்படியே இருக்கிறது. மாமாவுக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்துத்தான் செய்தேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

லீவு. முருங்கைக்கீரை ஆய்ந்ததில் பாதி நாள். தலைக்கு எண்ணெய். மத்தியானம் தூங்கி எழுந்து கடை போனைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. எத்தனை தடவை பார்த்தேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

ஏப்ரல் 6, திங்கள்

இன்று நிறைய நடந்தது. ஒழுங்காக எழுதுகிறேன்.

பதினோரு மணிக்கு பாஷா மறுபடியும் பாய் கடையிலிருந்து பண்டலோடு இறங்கினார். என்னால் தாங்க முடியவில்லை. "பாஷாண்ணா, ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க" என்று ரோட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்தே கூப்பிட்டேன்.

தயங்கித் தயங்கி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். கடைக்குள் யாராவது செருப்பைக் கழற்றுவார்களா?

"கடை நடக்குதாம்மா?" என்றார்.

"இன்னாண்ணா இப்படிக் கேக்கறீங்க? கருமாதி முடிஞ்சதுலேர்ந்து தொறந்துதான் வெச்சிருக்கேன். நீங்கதான் எதிர்ல போய்ட்டீங்க."

அவர் தன் போனை எடுத்து நம் கடை எண்ணைக் காட்டினார். "இத பாரும்மா. தொறந்தா அய்யா மாலையோட இருக்காரு. சாவு வூட்டுக்கு போன் போட்டு லேஸ் பண்டல் இன்னா ரேட்டுன்னு கேப்பனா? மனசு வருமா? பேர்ணாம்பட்டுல எங்க ஆளுங்க அல்லாரும் இப்படித்தான் நெனச்சிக்கினு இருக்கோம். கடையவே எடுத்துட்டாங்கன்னுகூட ஒருத்தன் சொன்னான்."

அவர் போனை வாங்கி நானும் பார்த்தேன்.

"ரஃபீக் பாய் என்னைத் திட்டினாரும்மா. எதிர்ல கடை தொறந்து இருக்குது, அங்க போய் வாங்குடான்னு. நான்தான் சங்கடப்பட்டுக்கினு இங்கியே குடுங்கன்னு வாங்கினேன். உனக்கு மெசேஜ் போட்டுக்கினே இருக்காராம், நீ பதிலே போடலயாம். துக்கத்துல இருக்குதுன்னு சொன்னாரு."

பாஷா போனதும் பிளாக்கை எடுத்தேன். இப்போது கொட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் வரவில்லை. திவ்யாவிடம் கேட்டேன். "பிளாக்ல இருந்தப்ப அனுப்பினது வராதும்மா. போனது போனதுதான்."

ஐந்து மணிவரை கடைக்குள்ளேயே சுற்றினேன். பிறகு ரோட்டைத் தாண்டினேன். பன்னிரண்டு அடி இருக்கும்.

பாய் துணி அளந்துகொண்டிருந்தார். "வாம்மா" என்று ஸ்டூலை நகர்த்தினார்.

"பாய், எனக்கு நீங்க போட்ட மெசேஜ் எல்லாம் காட்டுங்க."

காட்டினார். வரிசையாக, எல்லாவற்றிலும் ஒற்றை டிக். நினைவில் நிற்பவை:

"வனஜாம்மா, பாஷாவ உன் கடைக்கு அனுப்பினேன், வந்தானா?"

"அந்தப் படத்த மாத்தும்மா. ஜனங்க வர பயப்படறாங்க."

"ஓசூர்லேர்ந்து முருகேசன்னு ஒருத்தர் மேப்ல தேடி என் நம்பருக்குப் பண்ணாரு. எதிர்க்கடை நடக்குதான்னு கேட்டாரு. நடக்குதுன்னு சொன்னேன். நீ ஒரு போன் போடு."

"போட்டியா?"

"ஒடம்பு சரியில்லயா?"

"நேர்ல சொல்லியிருக்கலாமே பாய்" என்றேன். என் வாய்க்கு வெட்கமே கிடையாது.

"நேர்ல பாத்தா நீ மூஞ்சியத் திருப்பிக்கினே. துக்கத்துல இருக்கற பொம்பளய நான் எப்படித் தொந்தரவு பண்றது?"

மறைக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. நெட்வொர்க் சரியில்லை, போன் கெட்டுவிட்டது, எத்தனையோ சொல்லலாம். சொல்லவில்லை. "நான்தான் உங்கள பிளாக் பண்ணேன் பாய். எங்க கஸ்டமர நீங்க இழுத்துட்டீங்கன்னு நெனச்சேன்."

துணியை மடித்தார். மறுபடி பிரித்து மறுபடி மடித்தார்.

"உங்க மாமா இருந்தா இத என்கிட்ட நேரா கேட்டிருப்பாரு" என்றார். அவ்வளவுதான். டீ சொல்லவில்லை. எப்போது போனாலும் சொல்லுகிறவர்.

அவமானம். வேறு வார்த்தை இல்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

தோசை மாவு புளித்துவிட்டது. ஃபேன் ஆள் வரவில்லை. ஓசூர் முருகேசனுக்கு எழுதுவதானால் படத்தை மாற்றிய பிறகுதான்.

பாய் திறந்தார். இந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று இன்று தெரிந்தது. மூன்று வாரம் நான் அதைத்தான் அவருக்குச் செய்திருக்கிறேன்.

விரிஞ்சிபுரத்து நாத்தனாருக்குப் போன். படத்தை மாற்றப் போகிறேன் என்றேன்.

"வருசம் திரும்பறதுக்குள்ள எங்க அப்பாவத் தூக்கிட்டியா?"

"தூக்கல அண்ணி. பெருசா பிரேம் போட்டு கடைக்குள்ள மாட்டறேன், தெனம் பூ போடறேன். போன்ல மட்டும் மாத்தறேன். வர்றவங்க வாசலோட திரும்பிப் போறாங்க அண்ணி."

"எப்படியோ போ." வைத்துவிட்டார்.

அழுதேன். அண்ணிக்காக இல்லை. மாமா இருந்தால் "அதுக்கின்னா, மாத்து" என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்பார். அந்த ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை.

ஏப்ரல் 8, புதன்

வெயில் அதேதான். பிரேம் கடைக்குப் போய் மாமா படம் கொடுத்தேன், சனிக்கிழமை தருவாராம்.

நாலு மணிக்கு மறுபடி ரோட்டைத் தாண்டினேன். பாயிடம் என் போனை நீட்டினேன். "படத்த மாத்தணும். கடையோட சேத்து ஒண்ணு எடுத்துக் குடுங்க பாய். எனக்கு வேற யாரும் இல்ல."

போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கோவம் இருக்குதும்மா. இன்னும் ஆறல."

"இருக்கட்டும் பாய்."

"சரி, குடு."

நடுரோட்டில் நின்று எடுத்தார். ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான், "பொறுடா" என்றார். "கல்யாணப் பொண்ணு மாதிரி தலையக் குனியாத. கவுண்டர்மேல கை வெய்யி. தெனம் எப்படி நிப்பியோ அப்படி நில்லு." ஏழு படம். ஆறில் கண் மூடியிருக்கிறேன்.

டீ வந்தது. இரண்டு.

ஏப்ரல் 9, வியாழன்

காலையில் படத்தை மாற்றினேன். மேப்பிலும். வாடிக்கையாளர் எல்லாருக்கும் அனுப்ப மெசேஜ் எழுதினேன். நாலு தடவை அழித்து எழுதியது:

"வணக்கம். அய்யா தை மாதம் காலமானார். கடை வழக்கம்போல் நடக்கிறது. லேஸ், ஐலெட், பக்கிள், பசை எல்லாம் ஸ்டாக் உள்ளது. தாராளமாகக் கூப்பிடலாம்."

அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். வாசல் பெருக்கினேன். தேவையே இல்லாமல் பக்கிள் பெட்டியைச் சைஸ் வாரியாகப் பிரித்தேன்.

பாஷாவிடமிருந்து கட்டைவிரல். வாணியம்பாடியிலிருந்து ஒருவர், "நாளைக்கு வர்றோம்." ஒருவர் மறுபடியும் கும்பிடும் கை. வீட்டுக்காரர் கம்பெனியிலிருந்து, "போட்டோ நல்லாருக்கு." கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை.

மூன்றேகால் மணிக்கு ஓசூர் முருகேசன். வாய்ஸ். பின்னால் தையல் மெஷின் சத்தம்.

"அய்யா போனது வருத்தம்ங்க. எதிர்க்கடைக்காரர் நடக்குதுன்னு சொல்றதுக்கு முன்னாடியே, கடை இல்லன்னு நெனச்சு பாதி ஆர்டர வேற எடத்துல சொல்லிட்டேன். மீதி பாதி இருக்குது, கருப்பு ஐலெட்டும் லேசும். அய்யா எழுதுவாரு பாருங்க, ரேட்டு, எந்த பஸ்ல போடறது, எத்தன மணிக்கு வரும்னு அத்தனையும் புட்டுப் புட்டு வெப்பாரு. அந்த மாதிரி எழுதறவங்க இருந்தாத்தான் எனக்கு சரிப்படும். இனிமே நான் யாருகிட்ட பேசணும்?"

இரண்டு தடவை கேட்டேன். "மருமகள்" என்று டைப் பண்ணினேன். அழித்தேன். "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று வந்தது, கை தானாகப் போட்டது. அதையும் அழித்தேன்.

"என்கிட்டதான். இத்தனை வருடமாக எழுதியதும் நான்தான்."

போட்டுவிட்டேன். நீல டிக் வந்துவிட்டது.