முப்பத்தோராம் எண்ணுக்குச் சொந்தக்காரி

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலியும் எனக்குக் கோபமும் தவிர வேறு குறை எதுவும் இல்லை. நீ அங்கே உடம்பும் மனசுமாக நன்றாக இருக்கிறாயா என்பது நீ எழுதினால்தானே எங்களுக்குத் தெரியும், போனில் கேட்டால் ம் ம் என்கிறாய், அந்த ம்முக்குள் காய்ச்சல் இருக்கிறதா சந்தோஷம் இருக்கிறதா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது. இப்போது நான் எழுதப் போவதைப் போனில் சொன்னால் வேண்டாம்மா விடும்மா என்று பாதியிலேயே வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் கை தானாகத் திரும்ப எடுக்கும், உன்னை எனக்குத் தெரியும். குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாயே, தலைக்குக் குளித்த ஈரத்தோடு வேலைக்கு ஓடாதே, காதை மூடிக்கொண்டு போ.

நம் அரங்கத்துக்கு இந்த வருஷம் வெள்ளை அடித்து நாற்காலிகளுக்குப் புது உறை போட்டுவிட்டார்கள். முன்பதிவு, விளக்கு, துப்புரவு எல்லாம் இப்போது என் பொறுப்பு, சாவிக்கொத்து என் இடுப்பில்தான் தொங்குகிறது. அப்பா அதே மைக் அறையில்தான் இருக்கிறார், மேடையிலிருந்து கையை உயர்த்தினால் சத்தத்தைக் கூட்டுவார், தாழ்த்தினால் குறைப்பார், சொந்தமாக அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்து இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை. அப்படி எங்கள் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தபோது போன மாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லி ஒரு தாள் வந்தது. இளையோருக்கான இசையமைப்புப் போட்டி. பசையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே படித்தேன். பதினெட்டு வயதுக்குள் இருக்க வேண்டும், மெட்டு சொந்தமாக அமைத்ததாக இருக்க வேண்டும், ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது, தாளில் எண் மட்டும்தான் இருக்க வேண்டும், பெயரும் தலைப்பும் தனி உறையில் ஒட்டித் தர வேண்டும், அனுப்பிய தாள்கள் திருப்பித் தரப்பட மாட்டா. அப்புறம் ஏழாம் விதி. போட்டிக்கு முன் அந்த மெட்டைப் பொது இடத்தில் வாசித்திருக்கக் கூடாது. பதினோரு வருஷத்தில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை கண்ணு. பசை விரலிலேயே காய்ந்துபோனது.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு ஆறும். பதினேழு வயதில் நீ போட்டிக்கு மெட்டு அமைத்தாய். நம் வீட்டில் இருந்தது அப்பா கச்சேரிக் குழுக்காரர் ஒருவரிடம் வாங்கி வந்த பழைய கீபோர்டு, நடுவில் ஒரு கருப்புக் கட்டை அழுத்தினால் சத்தமே வராது. விற்றவர் என்ன சொல்லி அனுப்பினார் தெரியுமா, அந்த ஒரு கட்டைய விட்டுட்டு வாசிக்கச் சொல்லுங்க, மத்ததெல்லாம் அருமையா பேசும் என்றாராம். இந்த மனுஷனும் தலையை ஆட்டிவிட்டுத் தூக்கி வந்தார். நீயும் ஒரு வார்த்தை சொல்லாமல் அந்தக் கட்டையைத் தொடாமலே முழு மெட்டையும் கட்டினாய். நான் துணி மடித்துக்கொண்டே பார்ப்பேன், அந்த இடம் வரும்போதெல்லாம் உன் சுண்டுவிரல் சேற்றைத் தாண்டுவதுபோல ஒரு எட்டு வைக்கும். எனக்கு இசை தெரியாது, அந்த எட்டு தெரியும்.

நம் ஊர் இசைப்பள்ளித் தலைவர் இருக்கிறாரே, அவர்தான் அன்றைக்கும் நடுவர். அவன் என்றுதான் எழுதியிருந்தேன், பெரிய மனுஷர், அவர் என்று போடு என்று அப்பா பக்கத்திலிருந்து சொன்னார், சரி என்று ஒரு தரம் போட்டுவிட்டேன், இனிமேல் பேனா ஒத்துக்கொள்ளாது. தன் மகளின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு வந்து வாசி என்று உன்னைக் கூப்பிட்டது அவன். மற்றவர்கள் பாட்டெல்லாம் வேண்டாம், நீ புதுசா எதையோ பண்ணிட்டு இருக்கியாமே, அத வாசி என்று கேட்டதும் அவன். நீ நல்ல உடை உடுத்திக்கொண்டு போய் வாசித்துவிட்டு வந்தாய். அப்புறம் கடிதம் வந்தது, ஏழாம் விதிப்படி தள்ளுபடி. நானும் அப்பாவும் போய்க் கேட்டதற்கு, அம்பது பேர் உக்காந்து கேட்டா அது பொது இடம்தாம்மா, விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் என்றான். அந்த வருஷம் முதல் பரிசு அவன் அக்கா மகனுக்கு. நீ அழவில்லை, அழுதிருந்தால்கூட நான் மறந்திருப்பேனோ என்னவோ. கீபோர்டைப் பழைய போர்வையில் சுற்றிப் பரண்மேல் ஏற்றச் சொன்னாய், அப்புறம் கணக்குப் படித்தாய், வேலைக்குப் போனாய், தூர தேசம் போனாய். இன்றைக்கு வரைக்கும் உன் வாயிலிருந்து ஒரு முணுமுணுப்புப் பாட்டுகூட வரவில்லை.

இப்போது கேள். அந்தப் பிறந்தநாள் குழந்தைக்குப் பதினாறு வயது ஆகிவிட்டது, அவளும் இந்த வருஷப் போட்டிக்கு மெட்டு அமைத்திருக்கிறாள் என்று இசைப்பள்ளியிலிருந்து நாற்காலி கேட்டு வந்தவர் சொன்னார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அரங்கத்தின் ஆண்டு விழா வருகிறது, யார் மேடை ஏறுவது என்று முடிவு செய்வது நான். அவளைக் கூப்பிட்டு அவள் சொந்த மெட்டை வாசிக்க வைத்துவிட்டு, மறுநாளே ஏழாம் விதியைச் சுட்டிக்காட்டிப் போட்டிக் குழுவுக்குப் புகார் எழுதுவது என்று முடிவு செய்தேன். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வராதா. அப்பாவிடம் சொன்னேன், சின்னப் பொண்ணு, வேணாம் என்றார். என் பொண்ணும் அன்னைக்குச் சின்னப் பொண்ணுதான் என்றேன். அதற்கப்புறம் அவர் ஒயர்களை எல்லாம் அவிழ்த்து மறுபடியும் சுற்றிக்கொண்டே இருந்தார்.

அவன் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து நானே நேரில் போனேன். கதவைத் திறந்தது அவள்தான், மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலெல்லாம் மையாக. ஆண்டு விழாவுல வாசிக்கணும்மா, உன் சொந்த மெட்டா இருந்தா எங்களுக்குப் பெருமை என்று தேன் ஒழுகச் சொன்னேன், என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. குதித்தாள் அவள். கண்டிப்பா வரேன் ஆன்ட்டி என்றாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், நான் குடிக்கவில்லை. குடித்துவிட்டால் என் வேலை கெட்டுவிடும் என்று தோன்றியது, அதனால் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

விழா அன்று அரங்கம் நிறைந்திருந்தது. அவன் முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான், நான் மேடையின் ஓரத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் வந்து மைக்கில் பேசினாள். என் சொந்த மெட்டை இன்னைக்கு வாசிக்க முடியாது, போட்டி முடியற வரைக்கும் வெளியில வாசிக்கக் கூடாது, எங்க அப்பா ஒவ்வொரு வருஷமும் முதல் நாள் வகுப்புலயே எல்லார்கிட்டயும் இதத்தான் சொல்லுவாரு என்றாள். எனக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது. எல்லாரிடமும் சொல்கிறானாம், என் பெண்ணிடம் மட்டும் சொல்ல வாய் வரவில்லை. என் திட்டம் பாழாய்ப் போனது என்பதுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவள் மேலே சொல்லிக்கொண்டு போனாள், அதனால எங்க பள்ளியில எல்லாரும் கத்துக்கற ஒண்ண வாசிக்கிறேன், யார் அமைச்சதுன்னு தெரியாது, தாள்ல எண் மட்டும்தான் இருக்கு, நாங்க அத முப்பத்தொண்ணுன்னுதான் சொல்லுவோம், இதுல ஒரு கட்டைய மட்டும் எங்கயுமே தொடமாட்டாங்க, ஏன்னு யாருக்கும் தெரியாது என்றாள்.

கண்ணு, அவள் வாசிக்க ஆரம்பித்தாள். முதலில் எங்கேயோ கேட்டதாக இருந்தது, அவ்வளவுதான். அப்புறம் அவளுடைய சுண்டுவிரல் ஒரு எட்டு வைத்தது. திரையைப் பிடித்துக்கொண்டேன். உன்னைத் தள்ளுபடி செய்தவன் உன் தாளைத் தூக்கி எறியவில்லை, தன் அலமாரியில் வைத்து இத்தனை வருஷமாக ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறான். பரிசு வாங்கிய அவன் அக்கா மகனின் மெட்டு எங்கே என்று யாருக்காவது தெரியுமா. உன் மெட்டைப் பத்து விரலுக்கும் பழக்கிவிட்டு உன் பெயரைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. கிணறு வெட்டப் போன இடத்தில் பூதம் எழுந்து நின்றது, இந்தத் தடவை பூதம் என் பக்கம்.

கைதட்டல் அடங்குவதற்குள் நான் மேடைக்குப் போய் மைக்கைப் பிடுங்கினேன். என்ன பேசினேன் என்று முழுக்க நினைவில்லை, அப்பா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இத அமைச்சது என் பொண்ணு, அந்தக் கட்டை எங்க வீட்டுல வேலை செய்யல, அதான் தொடல, வேற ஒரு ரகசியமும் இல்ல, இத முதல்முதலா வாசிச்சது உன்னோட அஞ்சாவது பிறந்தநாளுக்குத்தாம்மா, வாசிக்கச் சொன்னதும் உங்க அப்பாதான், வாசிச்சதுக்காகத் தள்ளினதும் உங்க அப்பாதான் என்றேனாம். உன் பெயரை மூன்று தரம் சொன்னேனாம். அவன் எழுந்து மைக் அறையைப் பார்த்துக் கையைத் தாழ்த்திக் காட்டினான், நிறுத்து என்று. உன் அப்பா, அந்த வாயில்லாப் பூச்சி, அவனை நேராகப் பார்த்துக்கொண்டே சத்தத்தைக் கூட்டினார். மூன்றாம் தரம் உன் பெயர் வாசலில் வண்டி நிறுத்திக் கொடுப்பவருக்குக்கூடக் கேட்டிருக்கிறது. எத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினாலும் ஒரு மனுஷனை முழுக்கத் தெரிந்துகொள்ள முடியாது என்று அன்றைக்குப் புரிந்தது.

விழா முடிந்ததும் என் அறைக்கு வந்தான். முகம் கறுத்திருந்தது. அன்னைக்கு வந்ததுலயே அதுதாம்மா நல்லா இருந்துச்சு, அதனாலதான் தூக்கிப் போட மனசு வரல என்றான். இதைக் கேட்டால் எனக்குக் குளிரும் என்று நினைத்தானோ என்னவோ, வயிறு இன்னும் எரிந்தது. தெரியாமல் செய்திருந்தால் முட்டாள் என்று விட்டிருப்பேன், தெரிந்தே செய்திருக்கிறான். ஒரு சான்றிதழ் தருகிறேன் என்றான், நீயே வச்சுக்கோ என்றேன். பரிசளிப்பு இதே அரங்கத்தில்தான், முதல் பரிசை அறிவிப்பதற்கு முன்னால் அவனே எழுந்து உன் பெயரையும் மெட்டின் பெயரையும் சொல்லி, எதற்காகத் தள்ளினான் என்பதையும் அவன் வாயாலேயே சொல்ல வேண்டும் என்றேன், இல்லையென்றால் அன்று கதவு திறக்காது என்று சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தேன். அவன் மேலிடத்தில் சொன்னால் என் வேலை போகும், அது அவனுக்கும் தெரியும். சொல்ல முடியாதே, என்னவென்று போய்ச் சொல்வான். தலையை ஆட்டிவிட்டுப் போனான். அப்பா போதும் விடு என்கிறார். எனக்குப் போதவில்லை, அவன் அந்த மேடையில் நின்று சொல்லும்போது முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார வேண்டும், அப்புறம் போதுமா என்று யோசிக்கிறேன்.

அந்தப் பெண்ணின் மெட்டு பத்திரமாகத்தான் இருக்கிறது. அவள் தப்பித்தது என் நல்ல மனசால் இல்லை, அவளுடைய புத்தியால், அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். மறுநாள் அவள் உன் தாளை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கே வந்தாள், அப்பனுக்குத் தெரியாமலா தெரிந்தா என்று நான் கேட்கவில்லை. இந்தத் தரம் நான் தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். தாளிலிருந்த எண்ணை அடித்துவிட்டு மேலே உன் பெயரை எழுதினாள், அழகான கையெழுத்து. எழுதிவிட்டு, தலைப்பு என்ன ஆன்ட்டி என்றாள். அப்பாவைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். அது அந்த உறைக்குள் இருந்தது, தோற்றவர்களின் உறைகளை எரித்துவிடுவார்களாம். நீ எங்களிடம் சொன்னதே இல்லை. ஊரைக் கூட்டி உன் பெயரைக் கத்திய எனக்கு நீ அதற்கு வைத்த பெயர் தெரியவில்லை. அவள் அந்த இடத்தை வெற்றாக விட்டுத் தாளை என்னிடமே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அப்பா பரணிலிருந்து கீபோர்டை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறார், ரேடியோ ரிப்பேர்காரர் பார்த்துவிட்டு அந்தக் கட்டையைச் சரிசெய்துவிடலாம் என்றார், நான் விடவில்லை. நீ நோயில்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், உன் விரல்களை யாரும் இனிமேல் கட்டிப்போடக் கூடாது, இதுதான் எங்கள் இருவருடைய ஆசீர்வாதம். பரிசளிப்பு அடுத்த மாதக் கடைசியில். இந்தக் கடிதத்துக்குப் பதிலாக அவர் பாவம் என்றோ நான் மறந்துவிட்டேன் என்றோ ஒரு வரி எழுதினாயானால் கிழித்துப் போடுவேன், மறப்பதற்கு உனக்கு உரிமை உண்டு, எனக்கு இல்லை. தலைப்பை மட்டும் எழுதி அனுப்பு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சாவிக்கொத்தோடு காத்திருக்கும்
உன் அம்மா