படகில் தண்ணீர் வந்த பக்கம்

மாப்ள,

செல்லூரில் அந்த ஃபைபர் பட்டறைச் சந்துக்குள் நுழைந்ததுமே வாசம் மூக்கில் ஏறிவிட்டது. ரெசின் வாசம். உனக்கு அதை மோந்தால் தும்மல் வரும், எனக்குத் தலை சுற்றும். பட்டறைக்காரர் ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு டப்பா ரெசினும், அதை இறுக்குகிற மருந்தும், கொஞ்சம் ஃபைபர் பாயும் கேட்டேன். ஆளை அடையாளம் தெரிந்துகொண்டு, படகு இன்னமுமா ஒழுகுது என்றார். பிறகு என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, தும்மிக்கொண்டே ஒருத்தர் கூட வருவாரே, வரலையா என்று கேட்டார். வரவில்லை என்றேன். சாமானை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

உசிலம்பட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. நான் ஓட்டி, நீ டிக்கெட் கிழித்த அதே தடம்தான். ரெசின் டப்பா மடியில் இருந்தது. டிரைவர் பையன் பள்ளத்தைக் கண்டால் பிரேக்கை மிதிக்கிறான், மேட்டைக் கண்டாலும் மிதிக்கிறான். என் கால் துடித்தது. நீ இருந்திருந்தால், "ஒங்காலத்துல மட்டும் என்ன மெதந்துக்கிட்டா போச்சு" என்று பின்னாலிருந்து கேட்டிருப்பாய். நானும் திரும்பி ஏதாவது கேட்டிருப்பேன், செக்கானூரணி வரும்வரை அது ஓடியிருக்கும். இப்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தேன்.

திருநகரில் மகன் வீட்டு மாடியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பேசுவதற்கு ஆள் இருக்கிறது. ஆனால் நான் எதைச் சொன்னாலும் "சரிப்பா" என்கிறான் மகன். மருமகளும் "சரி மாமா" என்கிறது. சரி, சரி, சரி. மனுசனுக்கு எதிர்த்துப் பேச ஒரு ஆள் வேண்டாமா? இதை அவர்களிடம் சொன்னால் அதற்கும் சரி என்றுதான் சொல்வார்கள்.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் உன் வீட்டுக்காரம்மா போன் போட்டது. மகளோடு கோயம்புத்தூரில் போய் இருக்கப்போகிறதாம், ஊர் வீட்டைப் பூட்டிவிடப்போகிறதாம். படகை எடுத்துக்கொள்ள சோழவந்தான் பக்கத்திலிருந்து ஒருத்தர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார், ஒழுகுகிற படகென்றால் வேண்டாம் என்கிறார், "நீங்கதான்ணே வந்து பாக்கணும்" என்றது. வாரேன் என்றேன். மாடி அறையில் படகை வைத்துக்கொள்ள முடியுமா? ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்தால் படகு கைவிட்டுப் போய்விடும். கண்டுபிடிக்காவிட்டால் உன் வீட்டுக் கொல்லையில் வெயிலில் கிடந்து பாளம் பாளமாக உரிந்துபோகும். எப்படிப் பார்த்தாலும் எனக்கு மிஞ்சப்போவது ஒன்றுதான். அந்த ஓட்டை எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்வது. நமக்குள் தீராமல் கிடந்த சண்டை அது, அதையாவது முடித்துவிட வேண்டும் என்று கிளம்பினேன்.

ரிட்டயர்டு ஆன கையோடு படகு வாங்கலாம் என்று சொன்னது நீதான். கண்மாய் நிறைந்து மறுகால் போன வருஷம் அது. மீன் பிடிக்க ஊரில் சரியென்று சொல்லிவிட்டார்கள் என்றாய். ராமநாதபுரம் பக்கம் கடலில் ஓடி ஓய்ந்த சின்ன ஃபைபர் படகு ஒன்றைக் குட்டியானை வேனில் ஏற்றி வந்தோம். மானாவாரிக் காட்டுக்கு நடுவே படகு போகிறதைப் பார்க்க ஆடு மேய்த்தவர்கள் எல்லாம் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். கடல் எங்க அண்ணே இருக்கு என்று ஒருவர் கேட்டார். "பின்னாடி வருது" என்றாய் நீ.

பழைய இரும்புக் கடையில் கழித்துப் போட்ட பஸ் சீட் ஒன்றை நான்தான் தேடிப் பிடித்தேன். உன் உடம்புக்குப் படகின் பலகை தாங்காது. சீட்டைப் பின்பக்கத்தில் வைத்து, அடித்தளத்தில் ஓட்டை போட்டு, போல்டு முடுக்கினேன். நீ அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வேலையில் இருந்தவரை நின்றுகொண்டே வந்துவிட்டேன், இனிமேல் உட்கார்ந்துதான் வருவேன் என்றாய். அத்தோடு விட்டாயா? ஓட்டுவதும் இனி நான்தான் என்று துடுப்பையும் பிடுங்கிக்கொண்டாய். காலமெல்லாம் ஸ்டியரிங் பிடித்தவன் நான், என்னை முன்னால் உட்காரவைத்து வலை இழுக்கச் சொன்னாய்.

நீ ஓட்டிய லட்சணம் எனக்குத்தான் தெரியும். கரைக்குத் திரும்பும்போது வேகத்தைக் குறைக்கவே மாட்டாய். நேரே மடைக் கல்லில் கொண்டுபோய் முட்டி நிறுத்துவாய். முன்னால் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தூக்கிவாரிப் போடும். "ஸ்டாப்பிங் வந்துருச்சு, எறங்கு" என்பாய். ஜிலேபிக் கெண்டை துள்ளித் துள்ளி என் வேட்டியெல்லாம் சேறாகும். எத்தனை முறை திட்டியிருப்பேன். கல்லில் முட்டாதேடா, மூக்கு பிளந்துபோகும் என்று கரடியாய்க் கத்தினேன்.

பிறகுதான் தண்ணீர் வர ஆரம்பித்தது. கண்மாய் நடுவில் போனதும் உன் சீட்டுக்கடியில் கணுக்கால் அளவு நிற்கும். பின்பக்கம் நிற்கிறது, அதனால் பின்பக்கம்தான் ஓட்டை, உன் போல்டுதான் காரணம் என்றாய் நீ. மூக்கில்தான் விரிசல், அங்கே நுழைந்து தளத்துக்கு அடியிலேயே ஓடி, நீ உட்கார்ந்து அமுக்கியிருக்கிற பள்ளத்துக்கு வருகிறது என்றேன் நான். சண்டை அன்றைக்குப் பிடித்தது.

ஓட்டையைத் தேட நாம் படகைக் கொல்லையில் ஏற்றிப் போட்டோமே, அதை நினைத்துக்கொண்டேதான் பஸ்ஸை விட்டு இறங்கினேன். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து மூக்கைத் தூக்கி டயர் மேல் வைப்போம். அதுதான் லேசாக வரும். நான் உள்ளே நின்று குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றுவேன். நீ சாக்கை விரித்துப் படகுக்கடியில் மல்லாந்து படுத்திருப்பாய், வாயில் பழைய கண்டக்டர் விசில். சொட்டு தெரிந்தால் ஒரு விசில், ஊற்றுவதை நிறுத்த வேண்டும். ரெண்டு விசில் கொடுத்தால் ஊற்ற வேண்டும். நடுவில் "இங்கிட்டு ஊத்து, அங்கிட்டு எதுக்குப் போற" என்று அடியிலிருந்து அதட்டல் வேறு. உன் வீட்டுக்காரம்மா சிரித்துச் சிரித்து ஓய்ந்துபோய்ப் படியில் உட்கார்ந்துவிடும்.

போல்டைச் சுற்றித்தான் சொட்டியது, உண்மைதான். அடைத்தோம். கண்மாயில் இறக்கினால் மறுபடியும் தண்ணீர். திரும்ப அடைத்தோம், அப்போதும் வந்தது. அடைத்த பிறகு கரையில் காய்ந்து கிடக்கிற போல்டு தண்ணீரில் மட்டும் எப்படி ஒழுகும் என்று கேட்டேன். நான் ஏறி உட்கார்ந்தால் போல்டு அசையும், அதனால்தான் என்று ஒரு பதிலைக் கண்டுபிடித்தாய். பதிலுக்கு என்றைக்கு உனக்குப் பஞ்சம் வந்தது?

நீ போன அன்றைக்குக் காலையிலும் போனில் இதே பேச்சுத்தான். "சாயங்காலம் வா மாப்ள, எந்தப் பக்கம்னு காட்டுறேன்" என்றாய். வாரேன் என்று சொல்லி வைத்தேன். மத்தியானம் உன் மகள் போன் செய்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம், ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டதாம். நான் சாயங்காலம் வந்தேன், சொன்னபடி வந்தேன். நீ கூடத்தில் படுத்திருந்தாய். ஊர் ஆட்கள் என்னைப் பிடித்து உன் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அழுகைகூட எனக்கு உடனே வரவில்லை, கோபம்தான் வந்தது.

இந்தத் தடவை கொல்லையில் நான் ஒருத்தன்தான். ஒத்தை ஆள் செய்கிற வேலையா அது? உள்ளே ஏறித் தண்ணீர் ஊற்ற வேண்டும். பிறகு இறங்கிவந்து, குனிந்து, அடியில் பார்க்க வேண்டும். நான் இறங்குவதற்குள் ஈரம் எங்கெங்கோ பரவிவிடுகிறது. எது ஓட்டையிலிருந்து வந்தது, எது மேலே சிந்தி வழிந்தது என்று தெரியவில்லை. மறுபடி ஏறினேன், மறுபடி இறங்கினேன். முட்டி வலிக்கிறது. நிறுத்து என்று சொல்ல ஆள் இல்லாமல் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன், தண்ணீர் கணுக்காலுக்கு மேலே ஏறி என் வேட்டி நனைந்த பிறகுதான் தெரிந்தது.

உன் வீட்டுக்காரம்மா கொல்லைக் கதவில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு உள்ளே போய்ச் சொட்டு நீலம் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தது. வெள்ளைத் துணிகளை மூட்டை கட்டியாகிவிட்டது, இனி இது எதற்கு, தண்ணீரில் கலந்தால் வருகிற இடம் தெரியும் என்றது. எனக்கு இது தோன்றவே இல்லை பார். தண்ணீரை எல்லாம் இறைத்து ஊற்றிவிட்டு, அடியைத் துடைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

இந்த முறை மூக்கைத் தூக்க முடியவில்லை. ஒரு பக்கத்தைப் பிடித்தால் மறு பக்கம் சாய்கிறது. பக்கத்து வீட்டில் ஜாக்கி வாங்கி வந்தேன். மூக்கு வளைந்து கிடப்பதால் ஜாக்கி அங்கே நிற்காமல் வழுக்கியது. பின்பக்கம்தான் தட்டையாக இருக்கிறது, சரி என்று அங்கே கொடுத்து ஏற்றினேன். நாம் செய்ததற்கு நேர் எதிர், பின்பக்கம் மேலே, மூக்கு கீழே. நீலத் தண்ணீரை ஊற்றினேன். உன் சீட்டுக்கடியில் சொட்டுக்கூட நிற்கவில்லை, எல்லாம் முன்னால் ஓடியது. இறங்கிப்போய்ச் சாக்கில் படுத்து, தலையை உள்ளே நுழைத்துப் பார்த்தேன். போல்டைச் சுற்றி சருகாய்க் காய்ந்து கிடந்தது. மூக்கில், மடைக் கல்லில் நீ முட்டி முட்டித் தேய்த்த இடத்தில், மயிர்க்கோடு போல ஒரு விரிசல். அதிலிருந்து நீலம் முத்து முத்தாக இறங்கிக்கொண்டிருந்தது.

எத்தனை வருஷம் மூக்கைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்பக்கத்தைப் பார்த்திருக்கிறோம். தண்ணீர் மூக்கில் நின்றால்தானே மூக்கு ஒழுகுவது தெரியும்?

"பாத்தியாடா?" என்று கத்திவிட்டேன். கத்திக்கொண்டே தலையைத் திருப்பினேன், மறு பக்கத்தில் நீ படுத்திருப்பாய் என்று. செங்கல்லும் டயரும் கிடந்தன. நான் அப்படியே கிடந்தேன், எழுந்திருக்கத் தோன்றவில்லை. நீலம் சட்டையில் சொட்டிக்கொண்டே இருந்தது. நான்தான் ஜெயித்தேன், ஆனால் தோற்க வேண்டிய ஆள் இல்லை. நீ முகத்தைச் சுளித்து, அதற்கும் ஒரு பதிலைக் கண்டுபிடித்து, நான் அதற்கு மேலே ஏறிப் பேசி, கடைசியில் நீ டீ வாங்கித் தந்து ஒத்துக்கொள்ள வேண்டும் என்றுதானே இத்தனை நாள் நினைத்திருந்தேன். மாப்ள, உன்னை எரித்த அன்றைக்குக்கூட எனக்கு இவ்வளவு தனியாக இருந்ததில்லை.

சத்தம் கேட்டு உன் வீட்டுக்காரம்மா ஓடிவந்தது. கண்டுபிடித்துவிட்டீர்களா என்று கேட்டது. கண்டுபிடித்தாயிற்று என்றேன். எந்த இடம் என்று அது கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காய்ந்த பிறகு மூக்கைச் சுரண்டி, பாயை வைத்து, ரெசின் பூசினேன். போல்டுகளையும் எடுத்துவிட்டு அந்த ஓட்டைகளையும் அடைத்தேன். சீட்டைக் கழற்றும்போது மட்டும் கை ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சோழவந்தான்காரர் வந்தார். நல்ல மனுசன்தான், படகைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். எங்கிட்டு ஒழுகியது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் வீட்டுக்காரம்மா முந்திக்கொண்டது.

"பின்னாடி, போல்டுலதான். எங்க வீட்டுக்காரரு அப்பவே சொன்னாக. இந்த அண்ணன்தான் கடைசி வரைக்கும் ஒத்துக்கலே" என்றது. சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தது. நீ போனபிறகு அந்த முகத்தில் சிரிப்பை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். "இப்பவாச்சும் ஒத்துக்கங்கண்ணே. அவுக சொன்னதுதான சரி?"

என்னைப் பற்றி உனக்குத் தெரியும். செக்கிங் இன்ஸ்பெக்டரிடமே விட்டுக்கொடுத்துப் பேசாதவன். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஒட்டைச் சுற்றி மூக்கு இன்னும் நீலமாய்க் கிடக்கிறது, கையைப் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டினால் தீர்ந்தது. உன் வீட்டுக்காரம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிற பொம்பளை.

"ஆமா தங்கச்சி. அவன் சொன்னதுதான் சரி" என்றேன்.

நான் சொன்னேன்ல என்று அது சோழவந்தான்காரரிடம் பெருமையாகத் திரும்பியது. அப்புறம் சேலை முந்தியை வாயில் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டது. நான் அந்த மனுசனைத் தனியே கூப்பிட்டு, முன்பக்கமும் ஒட்டுப் போட்டிருக்கிறேன், தயவுசெய்து கல்லில் கொண்டுபோய் முட்டாதீர்கள் என்று சொன்னேன். அப்படி முட்டுகிறவன் எவனாவது இருப்பானா என்று கேட்டார். குட்டியானையில் ஏற்றிக் கயிறு கட்டினார்கள், படகு போய்விட்டது.

இப்போது மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன் வீட்டுக்காரம்மா கோயம்புத்தூரிலிருந்து நேற்றுப் பேசியது. பேத்தியிடம் அந்தக் கதையைச் சொன்னதாம், தாத்தா சொன்னதுதான் கடைசியில் சரியாயிற்று என்று. பேத்தி கை தட்டியதாம். நல்லது, அந்த வீட்டில் அது அப்படியே இருக்கட்டும், நான் மாற்றிச் சொல்லப் போவதில்லை. உண்மை தெரிந்த ஆள் உலகத்தில் நான் ஒருத்தன்தான். ஜெயித்ததை இப்படிப் பொத்தி வைத்துக்கொண்டு திரிவேன் என்று நான் நினைத்ததே இல்லை. சாகிறவரைக்கும் இது என்னோடுதான் இருக்கும் போல.

உன்னிடம் மட்டும் சொல்லிவிடுகிறேன். முன்பக்கம்தான் மாப்ள. எதிர்த்து ஏதாவது சொல்லேன்டா.