முத்திரை விழாத பாஸ்போர்ட்

தேத்தண்ணி ஆறுவதற்குள் பேசி முடிக்கத் தெரியாத என் ராஜி அக்காவுக்கு,

நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. நேற்று வேலை முடிந்து ஈஸ்ட் பிரன்ஸ்விக் திரும்பும்போது, பழக்கத்தில் உங்கள் தெருவுக்குள் காரைத் திருப்பிவிட்டேன். வாசல் புல்லில் ‘விற்பனைக்கு’ என்று பலகை நட்டிருந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ‘இங்கே ஒரு வீடு, அங்கே ஒரு நாடு, எல்லாம் இருந்தது இவங்களுக்கு’ என்றுதான் மனசு சொன்னது. செத்துப் போனவர் மீதும் பொறாமைப்பட முடியும் என்று அந்த நிமிடம்தான் தெரிந்துகொண்டேன்.

உயிரோடு இருந்தபோது சொல்லாததை இப்போது சொல்கிறேன் அக்கா. எனக்கு உங்கள் மேல் பொறாமை. உங்கள் சேலைகள் மீதோ, கத்தரிக்காய்க் குழம்பு மீதோ இல்லை. உங்கள் இரண்டாவது பாஸ்போர்ட் மீது.

நாம் சந்தித்தது நூவர்க்கில், அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி எடுத்த கூடத்தில். ஆளுக்கு ஒரு காகிதக் கொடி கொடுத்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியிலிருந்து நீங்கள் எட்டிப் பார்த்து, “தமிழோ?” என்றீர்கள்.

“ஆமாங்க. கோபிச்செட்டிபாளையம்.”

“நான் யாழ்ப்பாணம். கொடியை இப்பிடிப் பிடியாதையும், முன்னுக்கு இருக்கிறவற்ற தலையில குத்துது.”

என்னை ‘நீர்’ என்று அழைத்த முதல் ஆள் நீங்கள்தான். எங்கள் பக்கம் நாடகத்தில் ராஜாக்கள்தான் அப்படிப் பேசுவார்கள். அன்று சிரிப்பு வந்தது. பிறகு, அந்த ‘நீர்’ காதில் விழாத நாள் ஒரு முழு நாளாகவே தோன்றவில்லை.

எல்லோரும் எழுந்து வலது கையை உயர்த்தினோம். வேறு எந்த நாட்டின் மீதுள்ள விசுவாசத்தையும் அடியோடு விடுகிறேன் என்று சொல்ல வேண்டும். நான் கணீரென்று சொன்னேன். நீங்கள் பாதியில் நின்றுவிட்டீர்கள். உதடு மட்டும் அசைந்தது. முடிந்ததும் கண்ணைத் துடைத்தீர்கள். “இனிமே எந்த விசா க்யூவும் இல்ல. அவ்வளவுதானே அக்கா, இதுக்குப் போய் அழுவாங்களா?” என்று கேட்டேன்.

“உமக்கு அவ்வளவுதான். சந்தோஷமா இரும்,” என்றீர்கள். நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஆபீசில் கேக் வெட்டினார்கள்.

அதன்பின் என் இந்திய பாஸ்போர்ட்டை இந்தியத் தூதரகத்துக்குத் தபாலில் அனுப்பினேன். ரத்து முத்திரையோடு திரும்பி வந்தது. அதை அலமாரியில் போட்டுவிட்டு, வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்தியர்களுக்குத் தரும் ஓ.சி.ஐ. கார்டு வாங்கினேன். நம் ஆட்களில் பாதிப் பேர் செய்யும் தப்பை நானும் செய்தேன். அந்தக் கார்டு வந்ததும் இரட்டைக் குடியுரிமையே வந்துவிட்டது என்று நம்பினேன். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகும் பாட்லக் விருந்துகளில் நானும் என் வீட்டுக்காரர் சரவணனும் “எங்களுக்கு டூயல்” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

“அங்க ஓட்டுப் போடலாமோ?” என்று ஒரு நாள் கேட்டீர்கள்.

“அது முடியாது.”

“பிறகென்ன டூயல்?”

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

உறைத்தது கோபியில், ஒரு பத்திரம் எழுதுபவரின் கடையில். அப்பா அண்ணன் பேருக்கு எழுதிவைத்த தோட்டத்தை அண்ணன் விற்பதாகச் சொன்னான். வெளியாளுக்கு எதற்கு, நானே வாங்கிக்கொள்கிறேன் என்று லீவு போட்டுப் பறந்து போனேன். பத்திரக்காரர் என் கார்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங்கம்மா, இது குடியுரிமை இல்லீங்களே. வெளிநாட்டுக்காரங்க தோட்டங்காடு வாங்க முடியாதுங்க. வீடு வேணும்னா வாங்கலாம்.”

“அட, இவ இங்க பொறந்தவளுங்க,” என்றான் அண்ணன். “அதோ, எதுத்தாப்பல தெரியுது பாருங்க, அந்த ஆஸ்பத்திரியிலதான்.”

“இருக்கட்டுங்க. சட்டம் அப்படி.”

நல்ல மனுஷர். டீ வாங்கிக் கொடுத்தார். திரும்பும் வழியில் அண்ணன், “விடு கண்ணு, உனக்கெதுக்குத் தோட்டம்? அங்க இல்லாததா?” என்றான். அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். பிறந்த ஆஸ்பத்திரி ஜன்னலில் தெரிய, ‘வெளிநாட்டுக்காரங்க’ என்ற சொல்லை அமெரிக்காவில்கூட யாரும் என்னைப் பார்த்து இவ்வளவு மரியாதையாகச் சொன்னதில்லை.

ஊரிலிருந்து திரும்பிய மூன்றாம் நாள் நீங்கள் கூப்பிட்டீர்கள். “பிள்ளை, ஓடி வாரும். ஒரு சாமான் வந்திருக்கு.”

சாப்பாட்டு மேசையில், துடைத்த விரிப்பின் மேல், புத்தம் புதிய இலங்கை பாஸ்போர்ட். பக்கத்தில் இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழ். “ரெண்டு வருஷம் அலைஞ்சது. இப்ப நான் ரெண்டு நாட்டுக்காரி,” என்று அதை என் கையில் வைத்தீர்கள். பாடப் புத்தகம்போல் மணந்தது.

ஒரே கூடம். ஒரே நாள். ஒரே உறுதிமொழி. நான் கணீரென்று சொல்லி ஏமாந்துவிட்டேன், நீங்கள் பாதியை விழுங்கிவிட்டுத் திருப்பி வாங்கிக்கொண்டீர்கள் என்று நிஜமாகவே நினைத்தேன் அக்கா. இரண்டு நாட்டுச் சட்டமும் வேறு என்று தெரியும். பொறாமைக்குச் சட்டம் தெரியுமா?

அப்போதுதான் சொன்னேன். “உங்கள விரட்டி விட்டவங்க குடுக்கிற பாஸ்போர்ட்ட இப்படிக் கொண்டாடுறீங்களே அக்கா?”

தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்த கரண்டி நின்றது. பிறகு மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. “விரட்டினபடியாத்தான் வேணும், பிள்ளை. நீர் உம்மட விருப்பத்தில வெளிக்கிட்டனீர். நாங்கள் அப்பிடியே?”

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நீங்கள் கோப்பையை என் பக்கம் நகர்த்திவிட்டு, எதுவும் நடக்காத மாதிரி ஆரம்பித்தீர்கள். “என்னோட ஒருக்கா வாருமன். முப்பத்தஞ்சு வருஷத்துக்குப் பிறகு தனியப் போகக் கால் கூசுது. கொழும்பு ஏர்போட்டில எங்கட ஆக்கள் நிக்கிற வரிசையில நிண்டு, இதில ஒரு முத்திரை விழுறதைப் பார்க்க வேணும். நீர் பக்கத்து வரிசையில நிண்டு பாரும்.”

பக்கத்து வரிசை. அந்த வார்த்தை போதும். அங்கேயும் நான் பக்கத்து வரிசையா?

“லீவு இல்ல அக்கா,” என்றேன். பதினைந்து நாள் லீவு இருந்தது.

தையில் கேட்டீர்கள், ப்ராஜெக்ட் என்றேன். ஆனியில் கேட்டீர்கள், மகள் மித்ராவுக்குக் காலேஜ் பார்க்கப் போகவேண்டும் என்றேன். பிறகு ஒரு காலை நீங்கள் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

போன வாரம் உங்கள் மகள் தாரணி போன் பண்ணினாள். அவளுடைய தமிழ் உங்களுக்குத் தெரியுமே. “ஆன்ட்டி, அம்மா டிக்கெட்டை மூணு தரம் கேன்சல் பண்ணினவ. ஒய்? ஒவ்வொரு தரமும், ‘அவ வரட்டும், அவவோட போறன்’ எண்டு சொன்னவ. ஹூ வாஸ் ஷீ வெயிட்டிங் ஃபார்?”

துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்த ஒற்றைக் காலுறையைக் கீழே வைத்தேன். “எனக்காகத்தான்மா,” என்றேன்.

மறுநாள் உங்கள் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினாள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். எல்லாம் வெள்ளை. ஒரு முத்திரை இல்லை. இத்தனை நாள் நான் பொறாமைப்பட்டது ஒருமுறைகூடப் பயன்படாத ஒரு புத்தகத்தைப் பார்த்து. அதைப் பயன்படாமல் போகச் செய்தவளும் நான்தான்.

தேத்தண்ணியில் சீனி குறைந்தால் வாசலிலிருந்தே கண்டுபிடிக்கிறவர் நீங்கள். எனக்கு லீவு இருந்தது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் மூன்று தரம் கேட்டீர்களா? அல்லது நிஜமாகவே தனியாகப் போகப் பயந்தீர்களா? இரண்டில் எது உண்மையாக இருந்தாலும் எனக்குத் தாங்காது.

மற்றபடி, இங்கே எல்லோரும் சௌக்கியம். மித்ராவுக்குப் பதினெட்டு ஆகிவிட்டது, வாக்காளராகப் பதிந்துவிட்டாள். தோட்டத்தை வாங்கியவர் மஞ்சள் போட்டிருக்கிறார் என்று அண்ணன் போட்டோ அனுப்பினான். அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். முகம்கூடத் தெரியாத அந்த மனிதர் மீதும் பொறாமையாக இருக்கிறது. இது ஒரே நாளில் போகிற வியாதி இல்லை அக்கா.

ஆனால் ஒன்று. உங்கள் அஸ்தியை யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கடலில் கரைக்க வேண்டும் என்று தாரணி சொன்னாள். “மை தமிழ் இஸ் டெரிபிள், ஆன்ட்டி. நீங்க வருவீங்களா?” என்று கேட்டாள். அன்றைக்கே லீவுக்கு விண்ணப்பித்தேன். மேனேஜர் பத்து நிமிடத்தில் சரி என்றுவிட்டார். பத்தே நிமிடம். அதை நினைத்துக் காருக்குள் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த மாதம் புறப்படுகிறோம். அவளும் நானும் அமெரிக்க பாஸ்போர்ட். கொழும்பில் வெளிநாட்டவர் வரிசையில்தான் நிற்க முடியும். நீங்கள் என் கைப்பையில் இருப்பீர்கள். ஆகவே உங்கள் ஆட்களின் வரிசை இந்தத் தடவையும் உங்களுக்கு இல்லை. மன்னியுங்கள். நூவர்க்கில் நின்ற மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நிற்போம்.

இது என் வாக்கு. கவுண்டரில் எதற்காக வந்தீர்கள் என்று கேட்பார்கள். உங்கள் வெள்ளைப் பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டுவேன். முத்திரை கேட்க மாட்டேன். இவர் இந்த ஊர்க்காரர், வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார், நாங்கள் இவருடைய விருந்தாளிகள் என்று சொல்வேன். கணீரென்று சொல்வேன்.

லீவு கிடைத்துவிட்ட உங்கள் தங்கச்சி,
கவிதா